பவளப் பாறையில் பனி விழுந்த கதை

மன்னார் வளைகுடாவில் ஒரு பவளப் பாறை இருந்தது. அங்கே வாழ்ந்த மீன்கள் எல்லாம் சால்வை போர்த்திக்கொண்டு நீந்தின.

துணிச் சால்வை இல்லை. கடற்பாசியை நீளமாகக் கிழித்து முதுகில் போட்டு, செவுளுக்குக் கீழே ஒரு முடிச்சு, அவ்வளவுதான். மாதமோ சித்திரை. தண்ணீர் வெந்நீராகிக்கொண்டிருந்தது. மூச்சு விடவே திணறியது. அப்படியும் மீன்கள் சால்வையை இறுக்கிக்கொண்டு, வாயிலிருந்து வால்வரை நடுங்கிக் காட்டின. சரியாக நடுங்கத் தெரியாத மீனைக் கண்டால் மற்றவை முகம் சுளித்தன.

காரணம் உண்டு. குளிர் என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

அறிவித்தவர் பெருவாயர் என்ற களவாய் மீன். அவருடைய உடம்பில் பாதி வாய், மீதி வயிறு. பாறையின் அடியில் ஒரு குகைக்குள் இருந்தார். தினமும் விடிந்ததும் குகை வாசலில் ஊர் கூடும். அவர் உள்ளே இருந்தபடியே ஒரு மிடறு தண்ணீரை வாங்கிக் கொப்பளித்து, "இன்னைக்குத் தண்ணி குளுமை" என்றோ, "இன்னைக்குத் தண்ணி சுமார்" என்றோ சொல்வார். இதற்கு நீர்வாக்கு என்று பெயர். கீச்சான் என்ற சின்ன மீன் அதைக் கேட்டு, ஊர் முழுக்கக் கீச்சுக் குரலில் கத்திப் பரப்பும். நீர்வாக்கு வந்துவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் அப்படித்தான். அதற்குப் பிறகு யாரும் தன் உடம்பைக் கேட்பதில்லை.

ஆரம்பத்தில் இது நல்ல வழக்கமாகத்தான் இருந்தது. பெருவாயர் ஒல்லியாக இருந்த காலத்தில் பாறையைச் சுற்றி வந்து, நாலா பக்கத்துத் தண்ணீரையும் சுவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார். நீரோட்டம் மாறுவதையும் புயல் வருவதையும் ஊர் முன்கூட்டியே தெரிந்துகொண்டது. பிறகு அவர் பருத்தார். குகை பருக்கவில்லை. ஒருநாள் வெளியே வரப் பார்த்தபோது வயிறு வாசலில் சிக்கியது. அன்றிலிருந்து குகைக்குள் கிடக்கிற தண்ணீரையே சுவைத்துச் சொல்ல ஆரம்பித்தார். ஊருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதே வாய்தானே!

குகைக்குள்ளேயே இருந்தவர் எப்படி மேலும் பருத்தார் என்று நீங்கள் கேட்கலாம். நீர்வாக்குக் கேட்க முன்வரிசையில் நின்றவர்களில் யாராவது அவ்வப்போது காணாமல் போவதுண்டு. பெரிய வாய் திறந்தால் தண்ணீர் மட்டுமா உள்ளே போகும்? அதைப் பற்றி ஊரில் பேசுவது மரியாதை இல்லை. முன்வரிசைக்கு மட்டும் ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது.

அந்த ஊரில் சுருள்வாலன் என்று ஒரு கடற்குதிரை இருந்தான். இந்தக் கதை நடக்கும்போது அவன் நிறைமாதம்.

நான் தவறாகச் சொல்லவில்லை. கடற்குதிரைகளில் ஆண்தான் சுமக்கும். மனைவி முட்டைகளைக் கணவனின் வயிற்றுப் பைக்குள் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பாள். கணவன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கண்டதைத் தின்ன ஆசைப்பட்டுக்கொண்டு, கொஞ்சம் பெருமையும் நிறைய பயமுமாக நாளைக் கழிப்பான். சுருள்வாலனுக்குப் பயம்தான் அதிகம்.

போன தடவை அவன் பெற்ற குஞ்சுகள் வெந்நீரில் வந்து விழுந்தன. ஒன்றுகூட வாலைச் சுருட்டவில்லை. அன்றைய நீர்வாக்கு குளுமை என்று இருந்ததால், குஞ்சுகள் குளிர் தாங்காமல் செத்ததாக ஊர் முடிவு செய்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு சால்வை போர்த்திவிட்டுப் போனார்கள். அத்தனை சால்வைக்குள்ளும் வெந்துகொண்டே சுருள்வாலன் அழுதான். கடலுக்குள் அழுதால் கண்ணீர் யாருக்கும் தெரியாது. அவனுக்கு அதுவும் ஒரு துக்கமாக இருந்தது.

அவன் மனைவி நீள்மூக்கி இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, இன்னொரு தரம் அதைப் பாக்க என்னால முடியாது. குளுந்த தண்ணி எங்க இருக்கோ அங்க போயிருவோம்."

போகலாம். ஆனால் எப்படிப் போவது? கடற்குதிரை என்று பெயர்தான் பெரிது. ஓடவும் தெரியாது, ஒழுங்காக நீந்தவும் தெரியாது. எதையாவது வாலால் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் தெரியும். பிடியை விட்டால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். சுருள்வாலன் கல்யாணமான நாள் முதல் ஒரே கொம்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். அது கொம்புப் பவளத்தின் கொம்பு.

பவளம் கல் என்று நினைக்காதீர்கள். அது உயிர். ஒரு கொம்பில் ஆயிரக்கணக்கான குட்டி வாய்கள். எல்லா வாயும் சேர்ந்து ஒரே குரலில் பேசும். ஒவ்வொரு வாய்க்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கும். அவை வெயிலைப் பிடித்துச் சமைக்கும். தான் சாப்பிட்டது போக வீட்டுக்காரருக்கும் கொடுக்கும். பவளத்தின் பழுப்பும் பச்சையும் அந்தக் குடித்தனக்காரர்களின் நிறம்தான்.

அந்தச் சித்திரையில் வெக்கை தாங்காமல் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் சண்டை வந்துவிட்டது. பாசிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பின. பவளம் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. கொஞ்ச நாளில் பாறை முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது.

ஊர் கூடிப் பெருவாயரிடம் விளக்கம் கேட்டது. அவர் குகைக்குள்ளிருந்து நெடுநேரம் யோசித்தார். தூர தேசத்தில் கடுங்குளிரில் வானத்திலிருந்து வெள்ளையாக ஏதோ விழும், அதற்குப் பனி என்று பெயர் என்று எந்தக் காலத்திலோ ஓர் ஆமை சொல்லிப்போனது அவருக்கு நினைவு வந்தது.

"குளுரு ஜாஸ்தியாயிட்டு. நம்ம பாறையில பனி விழுந்திருக்கு" என்றார்.

ஊருக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்தப் பக்கத்துக் கடலில் எந்தப் பாறைக்கும் பனி விழுந்ததில்லை. உடனே பனி விழா நடத்தினார்கள். ஆளுக்கு இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு வெள்ளைக் கொம்புகளைச் சுற்றி ஆடினார்கள். ஆட்டத்தின் நடுவே சிலர் மயங்கி விழுந்தார்கள். அவர்களுக்கு மூன்றாவது சால்வை போர்த்தப்பட்டது.

"சுருளு, இது பனி இல்லல" என்றது பவளம், ஆயிரம் வாயாலும் முனகியபடி. "நாங்க பட்டினி கெடக்கோம். சமைச்சுப் போட்டவுங்க போயிட்டாங்க. தண்ணி சீக்கிரம் ஆறுனா திரும்பி வருவாங்க. ஆறலன்னா நாங்க இல்ல. எங்களச் சுத்தி ஆட்டம் வேற!"

சுருள்வாலன் கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

விழாவுக்கு அழைக்காமலே வந்த விருந்தாளிகள் சொறிமீன்கள். ஜெல்லி மீன் என்பீர்களே, அவைதான். வெந்நீர் என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். சொறிமீனுக்கு மூளை கிடையாது. ஆனால் உடம்பு ஓயாமல் மேலும் கீழும் அசையும். பார்க்கிறவர்களுக்கு அது தலையாட்டுவதுபோல் இருக்கும்.

மறுநாள் நீர்வாக்கின்போது சொறிமீன்கள் தெரியாமல் முன்வரிசையில் போய் நின்றன. பெருவாயர் "தண்ணி குளுமைதானே?" என்று கேட்டார். எல்லாம் தலையாட்டின. "பனி அழகா இருக்குல்ல?" என்றார். அதற்கும் தலையாட்டின. அவருக்கு ஒரே சந்தோஷம். விழுங்கினால் தொண்டை அரிக்கும் என்பதால் அவற்றை அவர் தின்னவும் இல்லை. அன்றே சொறிமீன்கள் ஊருக்கு ஆலோசகர்கள் ஆனார்கள். முன்வரிசைப் பிரச்சினையும் தீர்ந்தது.

இப்படி இருக்கும்போது அந்த ஆமை மறுபடி வந்தாள். பெயர் ஆழியம்மை. மாப்பிள்ளை தேடி அலைந்துகொண்டிருந்தாள்.

"ஒருத்தன்கூட இல்ல தம்பி" என்று சுருள்வாலனிடம் புலம்பினாள். "முட்டையிடுத மணல் சூடாயிட்டா பொறக்கது எல்லாம் பொட்டை. நாங்க அக்கா தங்கச்சி நூறு பேரு. நூறு பேருக்கும் ஒருத்தன் அம்பிடலை. கரையில இருக்கவன் அடுப்பை மூட்டிட்டு அணைக்காம இருக்கான். அந்தப் புகை வானத்தை மூடிட்டு. வெக்கை எல்லாத்தையும் இந்தக் கடல்தான் குடிக்கு. அது இருக்கட்டும், ஏன் எல்லாரும் பாசியச் சுத்திக்கிட்டு அலையுறீங்க?"

சுருள்வாலன் விஷயத்தைச் சொன்னான். ஆழியம்மை சிரிக்கப் பார்த்தாள். அவனுடைய வயிற்றைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தெற்கே, மணல்வெளியைத் தாண்டினால் ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அங்கே தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று சொன்னாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா அக்கா?"

அவள் முதுகில் ஏறிப் பார்த்தான். ஓடு வழுக்கியது. வாலால் பிடிக்க ஒன்றும் இல்லை. மணல்வெளியிலும் பிடிப்புக்கு ஒரு செடிகூடக் கிடையாது. நீரோட்டம் வேறு பலமாக இருந்தது. ஊரே கூட்டமாகப் போனால் நடுவில் நீரோட்டம் தெரியாது, அப்போது அவனும் நீள்மூக்கியும் ஒண்டிக்கொண்டு போய்விடலாம் என்றாள் ஆமை. ஆக, சுருள்வாலன் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமானால் ஊரையே கிளப்ப வேண்டும்.

அவன் மறுநாள் நீர்வாக்கு நேரத்தில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றான்.

"தண்ணி சுடுது" என்றான்.

எத்தனையோ மீன்களின் மனசுக்குள் கிடந்த வார்த்தைதான் அது. ஆனால் பக்கத்து மீன் என்ன நினைக்குமோ என்று ஒவ்வொன்றும் பக்கத்து மீனைப் பார்த்தது. கடைசியில் எல்லாரும் சொறிமீன்களைப் பார்த்தார்கள்.

கீச்சான்தான் முதலில் வாயைத் திறந்தது. "அவனுக்குக் காய்ச்சல்! உடம்பு கொதிக்கிறதால தண்ணி சுடுதுன்னு சொல்லுதான்!"

சொறிமீன்கள் தலையாட்டின. ஊருக்கு நிம்மதி. சுருள்வாலனைப் பிடித்து நான்கு சால்வையில் சுற்றி அனுப்பினார்கள். நீள்மூக்கி அவற்றை அவிழ்ப்பதற்குள் அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வயிற்றுக்குள் குஞ்சுகள் துடித்தன.

அன்று மத்தியானம் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். நேரே குகைக்குள் போய்ப் பெருவாயரைக் கேட்டுவிடுவது. அவர் தின்றுவிட மாட்டாரா என்று மனைவி பயந்தாள். தன் உடம்பில் தின்ன என்ன இருக்கிறது, எலும்பும் தோலும்தானே என்று அவன் சமாதானம் சொன்னான். பாறையை வாலால் பிடித்துப் பிடித்து இறங்கினான்.

குகைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே தண்ணீர் சில்லென்று இருந்தது. குகையின் அடியில் ஒரு விரிசல். அதன் வழியே பூமிக்கு அடியிலிருந்து குளிர்ந்த ஊற்றுநீர் வந்துகொண்டிருந்தது. பெருவாயர் அந்த விரிசலின் மேல்தான் வயிற்றை வைத்துப் படுத்திருந்தார்.

பாவம், அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை காலமும் தன் வாய்க்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சுருள்வாலன் கோபத்தோடு வந்தவன். இப்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் விழித்தான். குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு வெயில் ஒன்றும் அப்படி அதிகம் இல்லை என்று சொல்லும் ஆளிடம் பேசியிருக்கிறீர்களா? பேசியிருந்தால் அவன் பாடு உங்களுக்குப் புரியும்.

"என்னவே, காய்ச்சல் விட்டுதா?" என்று பெருவாயர் அன்பாகக் கேட்டார்.

அந்தக் குளிர்ச்சியில் சுருள்வாலனின் வயிற்றுக்குள் குஞ்சுகள் அடங்கி அமைதியாயின. பேசாமல் இங்கேயே பெற்றுக்கொள்ளலாமா என்று அவனுக்குத் தோன்றியது. ஊராவது, பள்ளமாவது. வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டும்விட்டான்.

பெருவாயர் யோசித்தார். "இருந்துக்க வே, நீ இருக்கதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பொடிசுங்க கண்ணு முன்னால வந்தா என் வாய் சும்மா இருக்காது. அது என் வசத்துல இல்ல. இப்பமே சொல்லிட்டேன்."

சுருள்வாலன் வயிற்றைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான். பிறகு வேறு பக்கமாகப் பேச்சைத் திருப்பினான்.

"அண்ணாச்சி, வெளிய பனி அவ்வளவு அழகா இருக்கு. பனின்னு சொன்னதே நீங்கதான். நீங்க இன்னும் அதைப் பாக்கலியே?"

பெருவாயரின் கண்கள் விரிந்தன. அது அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறைதான். ஊரே ஆடிப் பாடிய பனியை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் வயிறு? அதற்கு ஆள் இருக்கிறது என்றான் சுருள்வாலன்.

ஆழியம்மை வந்தாள். நண்டுகள் வந்தன. தலைவர் பனி பார்க்கப் புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டு ஊரே வந்தது. நண்டுகள் முன்னால் நின்று அவருடைய துடுப்புகளைப் பிடித்து இழுத்தன. ஆழியம்மை மேலே இருந்த ஓட்டை வழியாகத் தலையை விட்டு அவர் முதுகைத் தள்ளினாள். பெருவாயர் மூச்சை இழுத்து வயிற்றை எக்கினார். டப் என்று ஒரு சத்தம். அவர் வெளியே வந்து விழுந்தார்.

முதலில் அவர் வெள்ளைக் கொம்புகளைப் பார்த்தார். ஆசையோடு ஒரு கொம்பை வாயால் தொட்டார். தண்ணீர் வாய்க்குள் போனது. அவருடைய முகம் மாறியது.

"ஆத்தாடி, சுடுதே!" என்று அலறினார். "என்னலே இது, தண்ணி கொதிக்கு! இதுக்குள்ள எப்படி இருக்கீங்க? இது பனி இல்லலே, பவளம் சாவுது!"

சுருள்வாலனுக்கு உயிர் வந்தது. தலைவரே சொல்லிவிட்டார். இனி ஊர் கிளம்பிவிடும்.

ஊர் கிளம்பவில்லை. மீன்கள் ஒன்றையொன்று பார்த்தன. கீச்சான் மெதுவாகச் சொன்னது: "தலைவருக்கும் காய்ச்சல்."

"காய்ச்சல் இல்லல! நான்தான் சொல்லுதேன், நான் பெருவாயன்!"

நீர்வாக்கு என்றால் குகைக்குள்ளிருந்து வர வேண்டும், வெளியே நின்று சொல்வதெல்லாம் நீர்வாக்கு ஆகாது என்று கீச்சான் பணிவாக எடுத்துச் சொன்னது. எல்லாரும் குகையைத் திரும்பிப் பார்த்தார்கள். காலி இடம் என்று கண்டதும் ஒரு பெரிய சொறிமீன் அதற்குள் நுழைந்து மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் குளுமைதானே என்று கீச்சான் கேட்டது. சொறிமீன் மேலும் கீழும் அசைந்தது. "நீர்வாக்கு வந்துட்டு! குளுமை!" என்று கீச்சான் கத்தியது. துடுப்புத் தட்டல் அடங்கவே நேரமானது.

பெருவாயரை ஏழெட்டு சால்வையில் சுற்றிக் கிடத்தினார்கள். தன் வாயால் வளர்த்த ஊர் தன் வாயையே நம்பாததைக் கண்டு அவர் சால்வைக்குள்ளிருந்து முழித்துக்கொண்டிருந்தது பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

சுருள்வாலனுக்கு வலி எடுக்க ஆரம்பித்தது. இனி உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று அவனுக்கு விளங்கிவிட்டது. உண்மையை இரண்டு பேர் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் சால்வைதான் மிச்சம். அவன் ஒரு சால்வையை எடுத்துத் தானே போர்த்திக்கொண்டான். ஊர் இதுவரை கண்டிராத அளவுக்கு நடுங்கினான்.

"நீர்வாக்கு சரிதான்! இந்தக் குளுரை இனிமே தாங்க முடியாது. வயித்துப் பிள்ளைக்காரன் நான் வெறச்சுப் போவேன். தெக்கே ஆழத்துப் பள்ளத்துல நல்ல கதகதப்பா இருக்காம். ஆழியம்மக்கா பாத்துட்டு வந்திருக்காவ. அங்க போயிருவோமா?"

மீன்கள் மத்தியில் ஒரு சலசலப்பு. உண்மையில் எல்லாருக்கும் அந்தப் பாறையை விட்டு ஓட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சூடு தாங்காமல் போகிறோம் என்று சொன்னால் அது நீர்வாக்குக்கு எதிர். குளிர் தாங்காமல் போகிறோம் என்று சொன்னால் அதில் ஒரு கௌரவம் இருந்தது. போகலாமா என்று கீச்சான் குகையைக் கேட்டது. சொறிமீன் தலையாட்டியது. அவ்வளவுதான், வெந்துகொண்டிருந்த ஊர் குளிருக்குப் பயந்து மூட்டை கட்டியது.

சுருள்வாலன் தன் கொம்பிடம் போனான்.

"நீங்க போங்க" என்றது பவளம். குரல் மெலிந்திருந்தது. ஆயிரம் வாயில் பல வாய்கள் ஏற்கெனவே மூடிவிட்டன. "எங்களுக்குக் காலா இருக்கு, துடுப்பா இருக்கு?"

சுருள்வாலன் கடைசி முறையாக வாலைச் சுற்றிப் பிடித்துவிட்டு அவிழ்த்தான். அவிழ்த்த இடத்தைப் பார்த்து அசந்துபோனான். கொம்பு முழுக்க வெள்ளையாக இருந்தாலும், அவன் வால் சுற்றியிருந்த இடம் மட்டும் இன்னும் பழுப்பாக இருந்தது. வாலின் நிழலில் கொஞ்சம் பாசிகள் போகாமல் தங்கியிருந்தன.

"அதை ஒடிச்சு எடுத்துட்டுப் போங்க" என்று பவளம் அவசரமாகச் சொன்னது. "குளுந்த தண்ணியில ஊணி வச்சா நாங்க அதுலேருந்து தழைப்போம். நாங்க அப்படித்தான். வெளுக்கதுக்கு முன்னாடியே தண்ணி சுடுதுன்னு சொல்லியிருந்தா ஊர்க்காரங்க ஆளுக்கொரு கொம்பைத் தூக்கிட்டுப் போயிருக்கலாம். இப்ப இம்புட்டுத்தான் மிச்சம்."

ஒரு பாறை முழுக்க இருந்த உயிர் ஒரு வால் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

கொம்பை யார் தூக்குவது? சால்வைகளை உதறிவிட்டுப் பெருவாயர் முன்னால் வந்தார். தன் வாய்க்கு இனி இந்த ஒரு வேலைதான் பொருத்தம் என்றார். நண்டு கொம்பை ஒடித்துக் கொடுத்தது. பெருவாயர் அதை வாய்க்குள் பக்குவமாக வைத்து மூடிக்கொண்டார்.

ஊர் புறப்பட்டது. முன்னால் ஆழியம்மை, பின்னால் சால்வை போர்த்திய மீன் கூட்டம். நடுவில் சுருள்வாலனும் நீள்மூக்கியும் வாலோடு வால் கோத்துக்கொண்டு போனார்கள். மணல்வெளியில் நீரோட்டம் அடித்தது. கூட்டம் அவர்களைச் சுற்றி நெருங்கி நீந்தியது.

பழக்கம் விடுமா? வழியெல்லாம் மீன்கள் பெருவாயரிடம் வந்து, "இப்பத் தண்ணி எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தன. குகை இல்லாவிட்டாலும் அந்த வாயைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பெருவாயர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கொம்பு போய்விடும். அவருடைய வாழ்நாளில் அவ்வளவு நேரம் வாய் மூடியிருந்தது அதுதான் முதல் தடவை. வழியில் யாரும் காணாமலும் போகவில்லை.

பள்ளத்தில் இறங்க இறங்கத் தண்ணீர் குளிர்ந்தது. அடியை எட்டியதும் சில மீன்கள் "அப்பாடா, என்ன கதகதப்பு!" என்று பல் கிட்டித்துக்கொண்டே சொல்லி, சால்வைகளைக் கழற்றி எறிந்தன. எறிந்த கையோடு உண்மையிலேயே நடுங்க ஆரம்பித்தன. இதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தன.

பெருவாயர் ஒரு கல் இடுக்கில் கொம்பை ஊன்றினார். பக்கத்தில் மணலை அணைத்துவிட்டார். பிறகு நிமிர்ந்தார். வாய் காலியாகிவிட்டது. ஊர் முழுக்க வந்து அவர்முன் வரிசையாக நின்றது.

"தண்ணி எப்படி இருக்கு அண்ணாச்சி?"

பெருவாயர் பழக்கத்தில் ஒரு மிடறு தண்ணீரை வாங்கி, கொப்பளிக்காமல் துப்பிவிட்டார்.

"என்கிட்டக் கேக்காதீங்க. உங்களுக்கு எப்படி இருக்கு?"

அப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை. பக்கத்து மீனைப் பார்த்தார்கள். தலையாட்ட ஒரு சொறிமீன் இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை. கடைசியில் கீச்சான் கண்ணை மூடிக்கொண்டு, தன் செதிலையும் செவுளையும் ஒருமுறை கேட்டுப் பார்த்தது.

"எனக்குக் குளுருது" என்றது, மிகச் சின்னக் குரலில். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க சுட்டுது" என்றது.

அந்தக் கணத்தில் சுருள்வாலன் பிடிக்க ஒரு பிடிப்புத் தேடி ஊன்றிய கொம்பை வாலால் சுற்றிக்கொண்டான். வயிறு ஒருமுறை குலுங்கியது. குஞ்சுகள் பொல பொலவென்று வெளியே வந்தன. நீள்மூக்கி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். முதல் குஞ்சு தண்ணீரில் தள்ளாடியது. பிறகு மெதுவாகத் தன் வாலைச் சுருட்டி, அப்பாவின் வாலுக்குப் பக்கத்தில் அந்தப் பழுப்புக் கொம்பைப் பிடித்துக்கொண்டது. பெருவாயர் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பி, தன் வாயில் தானே மணலை அடைத்துக்கொண்டார்.

பழைய பாறை இப்போதும் அங்கேயே நிற்கிறது. வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை, சாம்பல் நிறம். குகைக்குள் சொறிமீன் இன்னும் மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கிறது. கேட்கத்தான் யாரும் இல்லை.

ஆழியம்மை அவ்வப்போது பள்ளத்துப் பக்கம் வருவாள். மாப்பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. கரையில் அடுப்பும் அணையவில்லை. இந்தத் தடவை வந்தவள், போன தடவைக்கு இப்போது தண்ணீர் ஒரு சுற்று வெதுவெதுப்பாக இருக்கிறதே என்றாள்.

"ஆமா, சுடுது!" என்று ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கத்தியது. அடுத்த நிமிஷமே, அந்த ஒரு கொம்பிலிருந்து தழைத்த கொம்புகளில் யார் எதைத் தூக்குவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தன் உடம்பு சுடுவதைத் தன் வாயால் சொல்லாமல் பெரியவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர், ஓட முடியாதவர்களைப் பறிகொடுத்த பிறகுதான் விழித்துக்கொள்ளும்.